ஆரக்கிளை பாகுலாவோடு இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. முந்தாநாள் இரவு மின்சாரம் போய் எங்கள் ஆரக்கிள் டேட்டாபேஸ் ஓடும் சர்வர் படுத்துவிட்டது. திரும்ப எழுப்பியபோது ஒரு டிஸ்க் போயிருந்தது. நான் பயப்படவில்லை. தினமும் காலையில் 'பேக்கப் ஓகே' என்று எங்கள் பேக்கப் மென்பொருளான பாகுலாவிடமிருந்து மெயில் வந்துகொண்டுதானே இருந்தது! ஆரக்கிளின் சொந்த பேக்கப் கருவியான ஆர்மேனில் ரீஸ்டோர் கொடுத்தேன். ஓஆர்ஏ-19507 என்று பிழை. அடுத்து ஓஆர்ஏ-27029. பேக்கப் ஃபைலை எடுக்க முடியவில்லை என்கிறது. தேடினால், ஃபைலே இல்லை.

ஆரக்கிளை பாகுலாவோடு இணைக்க நான் கொடுத்தது 1,200 டாலர்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆரக்கிளின் டேட்டாஃபைல்களை பாகுலா சும்மா காப்பி எடுத்தால் உதவாது. காப்பி நடக்கும்போதே உள்ளே பிளாக்குகள் மாறிக்கொண்டிருக்கும். ஆர்மேன் தன் பேக்கப்பை நேரடியாகப் பேக்கப் மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால் நடுவில் பாலமாக எஸ்பிடி லைப்ரரி என்ற ஒன்று வேண்டும். பாகுலாவின் கட்டணப் பதிப்பில் ஆரக்கிள் பிளக்கின் உண்டு, இலவசப் பதிப்பில் கிடையாது. ஃப்ரீலான்சர்களைப் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் ஒரு ஆள், "அந்த லைப்ரரியை நானே எழுதி வைத்திருக்கிறேன் சார்" என்றார்.

எப்படி நம்பினேன் என்று கேட்பீர்கள். ஸ்கிரீன் ஷேரில் டெஸ்ட் டேபிள்ஸ்பேஸ் (டேபிள்களை வைக்கும் பகுதி) ஒன்றின் டேட்டாஃபைலை என் கண்முன்னே அழித்தார். ரீஸ்டோர், ரெகவர். நான்கே நிமிடம், டேபிள் திரும்பி வந்துவிட்டது. அப்புறம் 'லிஸ்ட் பேக்கப்' அடித்தார். டிவைஸ் டைப் என்ற இடத்தில் 'எஸ்பிடி_டேப்' என்று இருந்தது. "பார்த்தீர்களா, பாகுலாவுக்குப் போய்விட்டது." அந்த ஒரு சொல்லைப் பார்த்து அன்றைக்கே வேலை முடிந்தது என்று ஒப்புக்கொண்டு 1,200 டாலரையும் விடுவித்தேன்.

நேற்றுதான் ஆர்மேனில் 'ஷோ ஆல்' அடித்து, பேக்கப் எந்த வழியாகப் போகிறது என்று சொல்லும் சேனல் வரியைப் படித்தேன். லைப்ரரியின் பெயர் 'ஆரக்கிள்.டிஸ்க்எஸ்பிடி'. அது ஆரக்கிளே சோதனைக்காகத் தருகிற போலி டேப்! டேப்பில் எழுதுவதுபோல் காட்டிக்கொண்டு அதே சர்வரில் ஒரு ஃபோல்டரில் எழுதும். அந்த ஃபோல்டரை டெம்ப் அடைவுக்குள் வைத்திருக்கிறார். ரீபூட் ஆனதும் எல்லாம் துடைத்துப் போய்விட்டது. பாகுலாவுக்கு ஒரு பிளாக்கூடப் போகவில்லை. அப்படியானால் அந்த மெயில்? பாகுலா எடுத்துக்கொண்டிருந்தது அவருடைய ஸ்கிரிப்டையும் இரண்டு கான்ஃபிக் ஃபைல்களையும். 60 ஜிபி டேட்டாபேஸுக்கு 'ஃபைல்ஸ் ரிட்டன்: 3' (எழுதிய ஃபைல்கள் 3) என்று மெயிலிலேயே இருந்திருக்கிறது. ஸ்கிரிப்டின் கடைசி வரி 'எக்ஸிட் 0', அதாவது எது நடந்தாலும் 'வெற்றி' என்றே சொல்லும். ஆர்மேன் தோற்றாலும் பாகுலாவுக்குத் தெரியவே தெரியாது.

அந்த ஆளுக்கு எழுதினேன். முதலில், "பாகுலா டைரக்டரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்." பிறகு, "உங்கள் ஆரக்கிள் வெர்ஷனில் கோளாறு, அவர்களிடம் கேளுங்கள்." கடைசியாக, "ஓப்பன் சோர்ஸுக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள் சார்." பாகுலா என்ன தவறு செய்தது? கொடுத்த மூன்று ஃபைலை ஒழுங்காகத்தான் எடுத்து வைத்திருக்கிறது! பொய் சொன்னது இவர். அந்தத் தளத்திடம் போனால், நீங்களே ஒப்புக்கொண்ட வேலை, முறையிடும் காலமும் முடிந்துவிட்டது என்று ஒரே பதிலை மூன்று முறை ஒட்டி அனுப்பினார்கள். 1,200 டாலர். ஒரு டாலர்கூடத் திரும்பாது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. 'ஷோ ஆல்' அடித்து லைப்ரரியின் பெயரைப் பாருங்கள். மெயிலில் ஓகேயை விட்டுவிட்டு எத்தனை பைட் எழுதியது என்று பாருங்கள். பணத்தை விடுவிக்கும் முன், வேறொரு மெஷினில் முழு டேட்டாபேஸையும் ரீஸ்டோர் செய்து காட்டச் சொல்லுங்கள். அதே சர்வரில் காட்டினால் ஏற்காதீர்கள். லைப்ரரி இல்லையென்றால் ஆர்மேன் டிஸ்க்கில் எழுதட்டும், எழுதி முடித்த ஃபைல்களை பாகுலா எடுத்துப் போகட்டும். அது போதும், அதற்கு யாருக்கும் 1,200 டாலர் கொடுக்க வேண்டாம்.

எங்களிடம் மிஞ்சியது 19 நாளுக்கு முந்தைய ஒரு எக்ஸ்போர்ட் டம்ப். நடுவில் உள்ளதைத் தாள்களைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அந்த 19 நாளில் இப்போது நான்காம் நாளில் நிற்கிறோம்.