எல்க் வேட்டைக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் பக்கம் நம்மவர்கள் சிலர் அடுத்த செப்டம்பருக்கு எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட வழிகாட்டி தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் நான் ஏமாந்த கதையை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

வில் வேட்டை, ஐந்து நாள், தனியார் நிலம், 4,800 டாலர், பாதி முன்பணம். "இணைசேரும் காலம், ஆண் எல்க் தானாகவே நடந்து வரும், உத்தரவாதம்" என்றார் வழிகாட்டி. அந்த வார்த்தையிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். வேட்டைப் பயிற்சி அட்டை வாங்கி, ஆறு மாதம் அம்பு விட்டுப் பழகிய ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

போய்ச் சேர்ந்தால் தனியார் நிலத்தைக் காணோம். கூட்டிப்போனது வைட் ரிவர் தேசிய வனத்துக்கு. அது பொதுநிலம், யார் வேண்டுமானாலும் போகலாம். எங்களுக்கு முன்பே ஏழு வண்டிகள் நின்றன.

மூன்றாம் நாள் காலை மேட்டில் ஒரு ஆண் எல்க் கத்தியது. 300 கிலோ தாண்டும் விலங்கு, நம்மூர் மிளாவுக்கு அண்ணன். குரல் மட்டும் கீச்சென்ற விசில். கடைசியில் இரண்டு மூன்று உறுமல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெயில் ஏறினால் மலையில் காற்றும் மேலே ஏறும். என் பிடரியில் காற்று படுவது எனக்கே தெரிந்தது. எங்கள் வாசனை நேரே அதன் மூக்குக்குத்தான் போகும். வழிகாட்டியோ காற்றைப் பார்க்காமல், ஆண் எல்க் மாதிரி கத்தும் குழலை டவுன் பஸ் ஹாரன் மாதிரி ஊதிக்கொண்டே இருந்தார். பெண் எல்க் கூட்டத்தோடு இருக்கும் ஆண், போட்டிக்காரன் குரல் கேட்டால் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு விலகிப் போவதும் உண்டு. ஒரு கிளை ஒடியும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

சரி, வேட்டையில் வெறுங்கையோடு திரும்புவது சகஜம். நான்காம் நாள் வண்டியருகே வன அதிகாரி நின்றிருந்தார். அவர் நெருங்குவதற்குள் வழிகாட்டி என் காதில், "காசு பற்றிப் பேச வேண்டாம், நண்பர்கள் என்று சொல்லிவிடுங்கள்" என்றார்.

தேசிய வனத்தில் காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அழைத்துப்போக வனத்துறை அனுமதி வேண்டும். கொலராடோ மாநிலப் பதிவு வேண்டும். அதற்கு 10,000 டாலர் பிணைப்பத்திரம், காப்பீடு எல்லாம் காட்ட வேண்டும். வாடிக்கையாளரோடு எழுத்து ஒப்பந்தமும் போட வேண்டும். எனக்குக் கிடைத்தது இரண்டு குறுஞ்செய்தி. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேட்டை அங்கேயே முடிந்தது.

பதிவு இருக்கிறதா என்று மாநில அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். வன அனுமதி பற்றி அந்தப் பகுதி வன அலுவலகத்துக்கு போன் போட்டுக் கேளுங்கள். தனியார் நிலம் என்றால் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். அக்டோபர் துப்பாக்கி வேட்டையை இணைசேரும் கால வேட்டை என்று விற்றாலும் நம்ப வேண்டாம்: உச்சம் செப்டம்பர் பின்பாதி. அக்டோபர் நடுவில் துப்பாக்கிப் பருவம் தொடங்கும்போது கத்தல் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

புகார் கொடுத்திருக்கிறேன். 2,400 டாலர் இன்னும் வரவில்லை. போன வாரம் வரை அவர் போன் மணியாவது அடித்தது.