செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4 வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க

கடலூர், பாண்டி பக்கம் பழைய பிஎஸ்4 (சோனியோட பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷின்) தேடிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு: "20 கேம் ஏத்தியே தர்றேன் சார்"னு கடைக்காரர் ஆரம்பிச்சா அங்கேயே உஷாராயிடுங்க.

அக்கா பையனுக்காகத் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு கடையில ஸ்லிம் மாடல் எடுத்தேன். மெஷின் 16,000, கேமுக்குத் தனியா 4,000. ஜிடிஏ 5, காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன்னு ஸ்க்ரீன் ஜகஜ்ஜோதியா இருந்துச்சு. கிளம்புறப்ப, "நெட் மட்டும் குடுத்துடாதீங்க சார், ஸ்லோ ஆயிடும்"னார்.

பொங்கல் லீவுல பையன் ஃபிஃபாவுக்கு அப்டேட் போடணும்னு வைஃபை போட்டான். கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு கேம் பேருக்குப் பக்கத்துலயும் குட்டியா ஒரு பூட்டுப் படம். எதைத் தொட்டாலும் திறக்கல. அவன் மூஞ்சியைப் பாத்திருக்கணும் நீங்க.

விஷயம் இதுதான். அந்த கேம் எல்லாம் கடைக்காரரோட சோனி அக்கவுன்ட்ல இருக்கிறது. ஒரு அக்கவுன்ட்டுக்கு ஒரே ஒரு பிஎஸ்4 தான் 'பிரைமரி'. அந்த மெஷின்ல யார் வேணா, நெட் இல்லாமலே கூட ஆடலாம். ஆனா அக்கவுன்ட் வச்சிருக்கிறவர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, உக்காந்த இடத்துலேர்ந்தே சோனி வெப்சைட்ல போய் மெஷினை அக்கவுன்ட்லேர்ந்து கழட்டி விடலாம். நம்மளதைக் கழட்டிட்டு அடுத்த கஸ்டமரோடதை பிரைமரி ஆக்கினா, அதே 20 கேமை அவருக்கும் வித்துடலாம். நம்ம மெஷின் நெட்டைத் தொட்டதும் பூட்டு விழும். ஸ்லோவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

கடைக்குப் போய்க் கேட்டா, "கேம் ஃப்ரீயா போட்டதுங்க, அதுக்கு வாரன்டி கிடையாது." அப்ப அந்த 4,000? "இன்ஸ்டலேஷன் சார்ஜ்." மறுபடி ஏத்த 1,500 கேட்டார் பாருங்க, அதான் ஹைலைட்!

பில்லுன்னு குடுத்தது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. ஆனா அதுல அவர் கையாலேயே '20 கேம் - 4,000'னு எழுதியிருக்கார். 1915, அதாவது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சாச்சு. வழிக்கு வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்கின பொருளுன்னா மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல.

வாங்குறவங்க கடையிலேயே உங்க போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, சொந்த அக்கவுன்ட்ல சைன் இன் பண்ணிப் பாருங்க. சோனி தடை பண்ண மெஷின்னா அப்பவே தெரிஞ்சுடும். கேமை டிஸ்க்கா வாங்குங்க, அதுக்கு இந்தப் பூட்டுத் தொல்லை இல்ல, ஆடி முடிச்சா வித்துக்கலாம். ஹாட்ஸ்பாட்னு சொன்னதும் கடைக்காரர் முகம் மாறினா, பேரம் பேசிக்கிட்டு நிக்காம வண்டியை எடுங்க.