ரப்பர் பை, ஜெல் பை, ஹீட்டிங் பேட்: எங்கள் வீட்டில் எது தேறியது?

எங்கள் வீட்டில் மூன்றும் உண்டு. அம்மாவின் மூட்டுவலிக்கு ரப்பர் வெந்நீர்ப் பை. தம்பி ஆன்லைனில் வாங்கிய, சார்ஜ் போட்டுச் சூடாக்கும் ஜெல் பை. என் இடுப்புவலிக்குத் துணியால் ஆன ஹீட்டிங் பேட். எது நன்றாகச் சுடுகிறது என்றுதான் முதலில் பார்த்தேன். இப்போது பார்ப்பது வேறு: எது தானாக ஆறுகிறது?

ரப்பர் பையின் பலம் தண்ணீர்தான். ஒரே எடைக்கு, மணலோ உப்போ பிடித்து வைக்கும் வெப்பத்தைப்போல நான்கைந்து மடங்கைத் தண்ணீர் பிடித்து வைக்கும். பாட்டி கல்லுப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுக்கும்போது, நிமிடத்துக்கொரு தரம் வாணலிக்கு ஓடியது இதனால்தான். பையோ அரைமணி நேரம் தாராளமாகத் தாங்கும்.

அதைக் கெடுப்பது நம் அவசரம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரப்பர் சீக்கிரம் இற்றுப்போகும், ஊற்றும்போதே கையும் வேகும். கொதிநீரில் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் கலந்தால் 65 டிகிரியை ஒட்டி வரும். அதையும் துண்டு சுற்றித்தான் வைக்க வேண்டும். முக்கால் பைக்கு மேல் நிரப்பாமல், காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். பிரிட்டனில் விற்கும் பைகளில் பூ வடிவ முத்திரை ஒன்று இருக்கும். நடுவில் இருப்பது தயாரித்த வருடம். இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிவிடு என்பதற்காக. முத்திரை இல்லாத பையை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

ஜெல் பை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. மலிவான பல பைகளுக்குள் தனியாகக் கம்பிச்சுருள் கிடையாது. உப்புக் கலந்த திரவத்தில் இரண்டு மின்முனைகள் இருக்கும், கரண்ட் அந்தத் திரவத்தின் வழியாகவே பாய்ந்து அதைச் சூடாக்கும். சூடு ஏறியதும் நிறுத்த உள்ளே ஒரு தெர்மோஸ்டாட் உண்டு. அது மக்கர் செய்தால் திரவம் கொதித்து, ஆவி சேர்ந்து, பை வெடிக்கலாம். ஓரத்தில் கசிந்தால் ஷாக். எங்கள் பை ஒருநாள் சார்ஜில் இருந்தபோது பூரி மாதிரி உப்பியது. மடியில் இல்லாமல் தரையில் வைத்திருந்ததால் தப்பித்தோம். வைத்திருப்பவர்கள் பிளக்கைக் கழற்றிய பிறகே உடம்பருகே கொண்டுபோங்கள்.

ஹீட்டிங் பேடில் மெல்லிய மின்கம்பி, துணிக்குள் வளைந்து வளைந்து ஓடும். சூடு சீராக வரும், வேண்டிய அளவில் நிற்கும். இடுப்புக்கு இதைவிடச் சுகம் இல்லை. ஆபத்தும் அந்தச் சுகத்தில்தான் இருக்கிறது. தோல் 60 டிகிரியில் ஐந்தே நொடியில் வெந்துவிடும். அந்தச் சூட்டில் கையைத் தானாக எடுத்துவிடுவோம். 44 டிகிரி அப்படி இல்லை, இதமாகவே இருக்கும். ஆறு மணி நேரம் விடாமல் பட்டால் அதுவும் புண்ணாக்கிவிடும். ராத்திரி ஆன் செய்து, அதன் மேலேயே படுத்துத் தூங்கினால் கணக்கு அங்கேதான் போய் நிற்கும். உடம்பு அழுத்துவதால் வெப்பம் வெளியேற வழியில்லை, அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறையும். அதனால் பேடை வலிக்கும் இடத்தின் மேல் போட வேண்டும், அடியில் அல்ல. தானாக அணையும் வசதி இல்லாத பேடை வாங்கவே வாங்காதீர்கள்.

தினமும் ஒரே இடத்தில் வைப்பவர்களுக்கு வலை பின்னியதுபோல் பழுப்புத் தழும்பு வரும். காஷ்மீரில் அங்கிக்குள் காங்ரி என்னும் கனல் சட்டியை வைத்துக்கொள்பவர்களின் வயிற்றிலும் தொடையிலும் வருவது இதே தழும்புதான். அங்கே பல வருடப் பழக்கத்தில் சிலருக்கு அது தோல் புற்றுநோயாகவும் மாறியிருக்கிறது. தழும்பு தெரிந்தால் பேடை நிறுத்துங்கள்.

சரி, குறைந்த சூட்டில் வலி போகுமா? மாதவிடாய் வலிக்கு 39 டிகிரியை ஒட்டிய சூட்டுப் பட்டையை வயிற்றில் ஒட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2001-ல் வந்தது. ஐபுபுரூஃபன் என்னும் வலி மாத்திரைக்கு இணையான நிவாரணம் அதில் கிடைத்தது. ஆகவே ‘ஹை’யில் வைத்துப் பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. இருபது நிமிடம் போதும்.

மூன்றுக்கும் பொதுவாகச் சில விஷயங்கள். தைலம் தடவிய இடத்தில் சூடு வைக்காதீர்கள், தோல் பொத்துப்போகும். கடும் வலிக்குத் தரும் ஃபென்டனைல் போன்ற மருந்துப் பட்டையைத் தோலில் ஒட்டியிருந்தால் சூட்டில் மருந்து அளவுக்கு மேல் உடம்பில் இறங்கிவிடும். நேற்று சுளுக்கி இன்று வீங்கியிருக்கும் காலுக்கு ஐஸ்தான். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குப் பாதத்தில் எதுவுமே வேண்டாம்.

அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. அதனால் ரப்பர் பையை முதலில் என் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் முழங்காலுக்குக் கொடுக்கிறேன். சீக்கிரம் ஆறிவிடுகிறது என்று அவருக்குக் குறை. எனக்கு அதுதான் நிம்மதி, அவர் பாதியில் கண்ணயர்ந்துவிடுவார். என் இடுப்புக்கு பேட், டைமரோடு. உப்பிய ஜெல் பை குப்பைக்குப் போயிற்று. வேறு ஒன்று ஆர்டர் போடட்டுமா என்று தம்பி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.