கல்லூரி ஆசிரியரின் வேலை நேரத்தை அளக்க டாகிள் ட்ராக்

கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களுக்கு டாகிள் ட்ராக் ஆப்பைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன், நிர்வாகம் கேட்டதற்காக இல்லாமல் தங்களுக்காகவே போட்டுக்கொள்வதாக இருந்தால். எஸ்டோனியாவில் உருவான ஆப், போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே கணக்கில் ஓடும், நமக்கு இலவசத் திட்டமே போதும். வேலையைத் தொடங்கும்போது ஒரு தட்டு, முடிக்கும்போது ஒரு தட்டு. மறந்துபோனால் அப்புறம் கையாலேயே நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ப்ராஜெக்ட் பெயர்களை மட்டும் யோசித்து வையுங்கள். நான் வகுப்பு, தயாரிப்பு, பேப்பர் திருத்தல், ஆராய்ச்சி, மாணவர் சந்திப்பு, நாக் (கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் அமைப்பு) வேலை, மற்ற ஆபீஸ் வேலை என்று பிரித்திருக்கிறேன். இதற்கு மேல் பிரித்தால் எதை எதில் போடுவது என்று குழம்பியே நேரம் போய்விடும்.

யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 40 மணி நேர வேலை, அதில் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. மீதி நேரம் எங்கே போகிறது என்பதை டைம் டேபிள் காட்டாது, இந்த ஆப்பின் வார ரிப்போர்ட் காட்டுகிறது. ஒரு அரை நாள் கருத்தரங்கு நடத்திவிட்டு, அதற்கான சர்குலர், அழைப்பிதழ், வருகைப் பதிவு, ஜியோடேக் போட்டோ (எடுத்த இடம் பதிவான படம்), அறிக்கை எல்லாவற்றையும் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்க எடுத்த நேரம், கருத்தரங்கு நடந்த நேரத்தைவிட அதிகம். நாக் அமைப்புக்கு அனுப்பும் ஆண்டறிக்கை தயாராகும் வாரங்களில் ஆராய்ச்சிக்குக் கொடுத்த நிறம் வட்டப்படத்தில் இருந்தே காணாமல் போய்விடுகிறது. பார்க்கவே வயிறு எரிகிறது.

ஒரே சமயத்தில் ஒரு டைமர்தான் ஓடும் என்பது நம் வேலைக்குக் கொஞ்சம் இடிக்கும். லேபில் மாணவர்கள் செய்முறை செய்துகொண்டிருக்க நாம் ரெக்கார்ட் நோட்டு திருத்தினால் அது வகுப்பா, திருத்தலா? நான் வகுப்பில் போட்டு ஒரு டேக் சேர்த்துவிடுகிறேன்.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் 2000 வாக்கில் இருந்தே டி.ஆர்.ஏ.சி. என்ற முறை இருக்கிறது. கற்பித்தல், ஆராய்ச்சி, மற்றவை, துணைப் பணி என்று ஆசிரியர்கள் நேரத்தைச் சதவீதமாக எழுதித் தருகிறார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போடத்தான் அது, தனி ஆளை எடைபோட அல்ல. நம் ஊரில் இதை நிர்வாகம் கட்டாயமாக்கினால் மெமோ கொடுக்கத்தான் பயன்படும் என்பது என் பயம், அதனால் லாக்-இன்னை யாருக்கும் கொடுக்காதீர்கள். வொர்க்லோடு பிரிக்கும் கூட்டத்துக்கு முன்னால் சி.எஸ்.வி. ஃபைலாக இறக்கி, எக்செல்லில் மொத்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.