பைஜூஸ், ஃபிசிக்ஸ் வாலா, கல்வித் தொலைக்காட்சி: பாதியில் நின்றால் நட்டம் யாருக்கு?

பிள்ளைக்குச் செயலி தேடும் பெற்றோர் பாடம் எப்படி இருக்கிறது என்றுதான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு: மூன்றாவது மாதமே பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டால் நட்டம் யாருக்கு?

பைஜூஸின் பாடங்களைப் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. 2015-இல் வந்த அந்தச் செயலி கணக்கையும் அறிவியலையும் அசைபடங்களால் கண்முன் நிறுத்தியது. பள்ளிகள் மூடிக்கிடந்த கொரோனா காலத்தில் அசுர வளர்ச்சி. 2022-இல் நிறுவனத்தின் மதிப்பு 2,200 கோடி டாலர். கோளாறு விற்பனையில்தான். பல ஆண்டுப் பாடங்களை டேப்லெட்டோடு சேர்த்து விற்றார்கள். கையில் பணம் இல்லாத வீட்டுக்கு நிதி நிறுவனக் கடனும் ஏற்பாடு செய்தார்கள். பிள்ளை டேப்லெட்டைத் தொடாவிட்டாலும் மாதத் தவணை நிற்கவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்ட பெற்றோரின் புகார்கள் குவிந்தன. 2022 டிசம்பரில் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனர் பைஜூ ரவீந்திரனுக்கு அழைப்பாணை அனுப்பியது. நிறுவனமும் கடனில்தான் ஓடியது. 2021-இல் வாங்கிய 120 கோடி டாலர் கடன் வழக்கில் போய் நின்றது, 2023-இல் தணிக்கையாளர் டெலாய்ட் விலகியது, 2024 ஜூலையில் கிரிக்கெட் வாரியத்தின் மனுவின் பேரில் திவால் நடவடிக்கை தொடங்கியது.

ஃபிசிக்ஸ் வாலா வந்த வழி வேறு. அலகாபாத்துக்காரர் அலக் பாண்டே யூடியூபில் இலவசமாக இயற்பியல் நடத்திப் பெயர் எடுத்த பிறகே, 2020-இல் செயலி வந்தது. மருத்துவத்துக்கான நீட், பொறியியலுக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு வகுப்புகளுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் கட்டணம். பாதியில் விட்டாலும் குடும்பம் கடனாளி ஆகாது. ஆனால் அதன் பேர்பெற்ற வகுப்புகள் இந்தியும் ஆங்கிலமும் கலந்தவை. தமிழ்வழியில் படித்தவருக்கு முதல் வாரமே மூச்சு முட்டும்.

2019-இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு இணையமே தேவையில்லை. அப்பாவின் ஒரே கைப்பேசிக்காக மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகளில் அது எவ்வளவு பெரிய உதவி! பாடநூலில் அச்சிட்ட க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் காணொளியும் கிடைக்கும். செலவில்லை, தமிழில் இருக்கிறது, நம் பாடத்திட்டத்தை ஒட்டியது. குறை ஒன்றே, அது பெரிய குறை: பிள்ளை டிவியை அணைத்துவிட்டால் கேட்க ஆளில்லை.

மூவருமே கடைசியில் நேரடி வகுப்புக்குத்தான் வந்தார்கள். பைஜூஸ் 2021-இல் ஆகாஷ் பயிற்சி நிறுவனத்தை வாங்கியது. ஃபிசிக்ஸ் வாலா 2022 முதல் ராஜஸ்தானின் கோட்டா உள்ளிட்ட ஊர்களில் வித்யாபீட பயிற்சி மையங்களைத் திறந்தது. அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி, மாலை நேரத்தில் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை உட்கார வைத்தது. என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றிலும் மிகச் சிறந்த முதலீடு இல்லம் தேடிக் கல்விதான். பக்கத்துத் தெரு அக்கா, “நேத்து ஏன்டா வரல?” என்று கேட்பதை எந்தச் செயலியின் அறிவிப்பு மணியும் ஈடுசெய்ததில்லை.

எட்டாம் வகுப்பு வரை எந்தச் செயலிக்கும் பணம் கட்ட வேண்டாம். அரசுக் காணொளியும் அருகில் ஒரு ஆளும் போதும். நீட்டுக்குத் தானாகவே உட்கார்ந்து படிக்கும் பிள்ளை என்றால், இலவச வகுப்புகளை ஒரு மாதம் பார்க்கவிட்டு, மொழி ஒத்துவந்தால் மட்டும் குறைந்த கட்டண வகுப்பில் சேருங்கள். கடன் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.