473 ரூபாப் புள்ளிக்காக 5,520 ரூபா கொடுத்தேன்

கடனட்டை எடுத்தால் புள்ளி சேரும் என்று யாராவது உங்கள் அலுவலகத்துக்கு வந்து படிவத்தை நீட்டினால், கையெழுத்து வைப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். நான் எதையும் வாசிக்காமல் வைத்தவன்.

கிளிநொச்சியில் எங்கள் அலுவலகத்துக்குக் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை, பேச்சும் இனிமை. "எப்படியும் செலவழிக்கப்போகிற காசுதானே அண்ணா. கையால் கொடுத்தால் போய்விடும், அட்டையால் கொடுத்தால் புள்ளியாகத் திரும்பி வரும்" என்றார். சம்பளச் சிட்டையின் பிரதியைக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அட்டை வந்தது.

என் மாதச் செலவில் பெரியது பெற்றோல். விசுவமடுவிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குத் தினமும் மோட்டார் சைக்கிள் ஓடுகிறேன். அதற்கே புள்ளி குவியும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். முதல் கணக்கறிக்கையில் பெற்றோலுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. கேட்டால், எரிபொருளுக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் புள்ளி கிடையாது, விதிமுறையில் இருக்கிறது என்றார்கள். இருந்ததுதான், ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, வேறு செலவில் பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாவில் கட்டிய வீடு. பின்பக்கமாக ஒரு குசினி இறக்க நினைத்தோம். சீமெந்து, கம்பி, கூரைத்தகரம் என்று தெரிந்த ஒரு கடையில் 184,000 ரூபாவுக்குச் சாமான் எடுத்தேன். கடைக்காரர் பற்றுச்சீட்டைக் கையால் எழுதி, கூட்டி, கீழே இரண்டு கோடு இழுத்தார். நான் அட்டையை நீட்டியதும் கல்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பி எதையோ தட்டினார். இயந்திரம் கக்கிய துண்டில் 189,520 என்று இருந்தது.

"அது மூன்று வீதம் தம்பி. வங்கிக்காரன் எடுக்கிற காசு, எனக்கில்லை."

பின்னால் சாமான் ஏற்ற லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரம் காத்து நின்றது. கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரவுதான் கணக்குப் பார்த்தேன். என் அட்டையில் 200 ரூபாவுக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளியின் பெறுமதி 50 சதம். ஆக, ஆயிரம் ரூபா செலவழித்தால் இரண்டரை ரூபா திரும்புகிறது. அந்த ஆயிரத்துக்குக் கடையில் கூடுதலாகக் கொடுத்தது 30 ரூபா. 189,520 ரூபாவுக்கு விழுந்தவை 947 புள்ளிகள், 473 ரூபா 50 சதம். கடைக்காரர் கூட்டிய காசுக்கும் சேர்த்தே புள்ளி தந்திருந்தார்கள், அந்த அளவில் நியாயவான்கள். ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபா. அதைப் புள்ளியால் ஈடுகட்ட நான் 12 இலட்சம் ரூபாவுக்குச் சாமான் வாங்க வேண்டும். இந்தக் கணக்கை அந்தத் தம்பி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதோடு முடியவில்லை. அந்த மாதம் மாமிக்குச் சுகமில்லை, யாழ்ப்பாணத்துக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். அட்டைக் கடனில் பாதிதான் கட்டினேன். மிச்சப் பாதிக்கு மட்டும் வட்டி வரும் என்று நினைத்திருந்தேன். அவர்களோ முழுத் தொகைக்கும், சாமான் எடுத்த நாளிலிருந்தே வட்டி போட்டிருந்தார்கள். ஐயாயிரத்துக்கும் மேல்.

அலுவலகத்தில் ஓர் அக்கா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அட்டை இயந்திரத்துக்கு வங்கி அறவிடும் கட்டணம் வியாபாரி தாங்க வேண்டியது. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது. மத்திய வங்கியே இதைப் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறது. முறைப்பாடு செய்ய வேண்டியது இயந்திரம் கொடுத்த வங்கியிடம். அது உங்கள் அட்டையின் வங்கியாக இருக்க வேண்டியதில்லை. துண்டின் தலைப்பில் எந்த வங்கியின் பெயர் இருக்கிறதோ, அதுதான். அங்கே சரிவராவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கம் இருக்கிறது. கையால் எழுதிய பற்றுச்சீட்டையும் இயந்திரத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, இயந்திரம் கொடுத்த வங்கிக்கு அனுப்பினேன். இரண்டும் இருந்ததால்தான் என் பேச்சு எடுபட்டது. துண்டின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

அட்டையை நான் வெட்டி எறியவில்லை. மேலதிகம் கேட்காத கடையில், வங்கி நேரடியாக விலையில் கழிவு தரும் நாளில் மட்டும் எடுக்கிறேன். பத்து வீதக் கழிவுக்கு முன்னால் கால் வீதப் புள்ளி எந்த மூலைக்கு? முழுக் கடனையும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்க எழுதிக் கொடுத்துவிட்டேன். "உங்கள் புள்ளிகள் இன்றிரவு காலாவதி, இங்கே அழுத்துங்கள்" என்று வரும் குறுஞ்செய்தியை அழித்துவிடுகிறேன். மைத்துனர் அதை அழுத்தி, வந்த இரகசிய இலக்கத்தையும் கொடுத்துவிட்டு இப்போது வங்கிக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

மூன்று கிழமை கழித்துக் கடைக்காரரே அழைத்தார். போனேன். 5,520 ரூபாவை எண்ணி மேசையில் வைத்தார், முகம் பார்க்கவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. 2010இல் நாங்கள் மீளக் குடியேறி, தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது, ஆணியும் கம்பியும் கடனுக்குத் தந்து கொப்பியில் எழுதியவர் இவர்தான். வட்டி என்று ஒரு சதம் கேட்டதில்லை.

"வங்கிக்கு எழுதுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. குசினிக்கு இன்னும் எட்டுப் பை சீமெந்து தேவைப்பட்டது. அவரிடமே எடுத்தேன், காசுக்கு.