பழசைத் தேற்றுவதா, அசெம்பிளா, பிராண்டடா? மூன்றாவது வருடத்தை நினைத்து வாங்குங்கள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2014-ல் கும்பகோணத்திலேயே ஒரு கடையில் அசெம்பிள் செய்து, அதாவது பாகங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டி, வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 4460, 8 ஜிபி டிடிஆர்3 ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி; டிடிஆர் எண் அதன் தலைமுறை), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பதினோரு வருடம் உழைத்தது. மனைவி இரண்டு கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்வது அதில்தான். பிளஸ் டூ படிக்கும் மகள் பைத்தான் பழகுவதும், அப்பா காலத்துப் படங்களை நான் ஸ்கேன் செய்து கறை நீக்குவதும் அதில்தான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்ற அறிவிப்பு திரையில் வந்து வந்து போனபோதுதான் உட்கார்ந்து யோசித்தோம். பழசையே தேற்றிக்கொள்ளலாமா, புதிதாக அசெம்பிள் செய்யலாமா, ஒரு கம்பெனி முழுதாகச் செய்து விற்கும் பிராண்டட் பெட்டியாகக் கடையில் வாங்கிவிடலாமா? ஆகஸ்டில் அசெம்பிள் செய்தோம். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன். அதற்கான காரணம் வேகமும் இல்லை, விலையும் இல்லை.

பழசைத் தேற்றுவதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 2019-ல் அந்த ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டோம். ஆன் செய்துவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்தாலும் சுற்றிக்கொண்டிருந்த மெஷின், அதற்குப் பிறகு நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் தயாராகிவிடும். கம்ப்யூட்டருக்கென்று நான் செலவழித்ததிலேயே மிகப் பலன் தந்த காசு அது. உங்கள் மெஷின் இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால், அல்லது ரைசன் 2000 வரிசையோ (2200ஜி, 2400ஜி தவிர) அதற்குப் பிந்தையதோ என்றால், மேற்கொண்டு எதுவும் யோசிக்க வேண்டாம். எஸ்எஸ்டி இல்லையென்றால் போடுங்கள், ராம் 16 ஜிபி ஆக்குங்கள், விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். அப்படிப்பட்ட மெஷின்களின் பெரும்பாலான மதர்போர்டுகளில் (சுருக்கமாகப் போர்டு) விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உள்ளேயே இருக்கும். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்பில் ஆன் செய்தால் போதும்.

எங்களுடையது நான்காம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் அது இல்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அடுத்தவர் கடைக் கணக்கும் பேங்க் விவரமும் இருக்கிற மெஷினில் அந்தச் சோதனை வேண்டாம் என்று மனைவி சொன்னார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. லினக்ஸ் மின்ட் போட்டிருந்தால் இன்னும் ஐந்து வருடம் ஓடியிருக்கும். மகளுக்கும் எனக்கும் அதுவே போதும். டேலிக்கு விண்டோஸ் வேண்டும், அங்கே அது நின்றுவிட்டது. பிராசஸரை மட்டும் மாற்றலாம் என்றால் அந்த சாக்கெட்டில் உட்காருவது நான்காம், ஐந்தாம் தலைமுறை மட்டும்தான். பழைய ஐ7 ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டாலும் விண்டோஸ் 11 வராது. போர்டை மாற்றினால் ராமும் மாறும்: டிடிஆர்3 குச்சியில் நடுவிலிருக்கும் வெட்டு ஓரிடம், டிடிஆர்4-ல் வேறிடம். அழுத்தினாலும் இறங்காது. ஆகத் தேற்றுவது என்று தொடங்கினால் புதிது வாங்குவதில்தான் போய் முடியும்.

அடுத்து விலை. அசெம்பிள் செய்தால் பாதிக் காசில் முடியும் என்ற பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் கணக்கைச் சொல்கிறேன். ரைசன் 5 5600ஜி பிராசஸர் 11,200 ரூபாய், போர்டு 6,800, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ராம் 4,100, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 3,300, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்குக் கரண்டை மாற்றித் தரும் பவர் சப்ளை) 3,700. மொத்தம் 29,100. கேபினட், மானிட்டர், கீபோர்டு பழசு. இதோடு விண்டோஸ் 11 ஹோம் உரிமம் தனி, அது பத்தாயிரத்தை ஒட்டி வந்தது. இந்தப் பத்தாயிரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. "சார், ஓஎஸ் நாங்களே போட்டுத் தர்றோம்" என்று கடையில் சொல்வது பல இடங்களில் திருட்டுப் பிரதி. வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். எல்லாம் சேர்த்தால் 39,000-க்கு மேல். அதே தரத்தில் மானிட்டர் இல்லாத பிராண்டட் பெட்டி, விண்டோஸும் உள்ளடங்கி, அப்போது எனக்குச் சொன்ன விலை 42,000. மூவாயிரத்துக்காக ஒருவர் பாகம் பாகமாக அலைய வேண்டியதில்லை.

ஆனால் 2025 ஜனவரியில் மயிலாடுதுறையில் இருக்கும் என் மச்சினன் வீட்டில் நடந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். 2023 தீபாவளிக்கு வாங்கிய பிராண்டட் டெஸ்க்டாப். அழகான சின்னப் பெட்டி, மேஜையில் இடமே அடைக்காது. ஒரு வருட வாரண்டி. பதினான்காவது மாதம், கரண்ட் போய் வந்த ஒரு மாலையில் ஆன் ஆகவில்லை. "அத்தான், லைட்டே எரியல" என்று போன் செய்தான். போய்ப் பார்த்தேன், அவனுக்குத் தெரிந்த மெக்கானிக்கும் வந்தார். எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

சாதாரண எஸ்எம்பிஎஸ் என்றால் அவர் பையிலேயே ஒன்று இருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இதிலிருந்து வரும் ஒயரின் முனையில் 24 பின் கொண்ட அகலமான கனெக்டர். அந்தப் போர்டில் இருந்ததோ அதில் பாதிகூட இல்லாத சின்ன சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸின் உருவமும் வேறு, செங்கலை நீளவாக்கில் அறுத்த மாதிரி ஒல்லியாக இருந்தது. வழக்கமான எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 என்று மூன்று வோல்டேஜ் தரும். இந்த மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும் தரும், மீதியைப் போர்டே மாற்றிக்கொள்ளும். கனெக்டரின் வடிவமும் பின் வரிசையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. "இதுக்கு இவங்க சாமான்தான் சார் வரணும்" என்றார் மெக்கானிக். சர்வீஸ் சென்டரில் சொல்லி, அது வந்து சேர மூன்று வாரம். விலை 4,800. அந்த மூன்று வாரமும் அவன் மனைவி ஆன்லைன் டியூஷனைப் போனிலேயே எடுத்தார்.

எங்கள் பழைய மெஷினிலும் 2021-ல் இதேதான் நடந்தது. ஒரு மழை நாள், பட்டென்று சத்தம், லேசாகக் கருகிய வாடை. கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துப் பார்த்தார். ஃபேன் சுற்றவில்லை. புதிதை மாட்டி அன்று மாலையே வீட்டில் ஓடியது. ஏடிஎக்ஸ் என்பது இன்டெல் 1995-ல் கொண்டுவந்த அளவு முறை. போர்டை ஸ்க்ரூ முடுக்கும் துளைகள் முதல் எஸ்எம்பிஎஸ்ஸின் நீள அகலம் வரை அது வரையறுத்துவிட்டதால், அந்த முறைப்படி செய்த சாமான் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அந்த முறைக் கேபினட்டில் உட்காரும். 2014-ல் வாங்கிய எங்கள் கேபினட்டில் 2025-ல் வாங்கிய போர்டை வைத்தபோது, துளைகள் ஒன்றுகூடப் பிசகாமல் நேருக்கு நேர் நின்றன. அந்த ஸ்க்ரூக்களைக்கூட மாற்றவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். வீட்டு கம்ப்யூட்டர் முதல் வருடத்தில் யாருடையதாக இருந்தாலும் நன்றாகத்தான் ஓடும். மூன்றாவது, நான்காவது வருடத்தில் ஒரு பாகம் போகும்போது, அந்த ஒரு பாகம் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா? சென்னை, கோவையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம் உண்டு. எங்கள் பக்கம் கோடையில் வோல்டேஜ் ஏறி இறங்கும், மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். இரண்டிலும் முதலில் அடி வாங்குவது எஸ்எம்பிஎஸ். அப்புறம் போர்டு. பல்லி புகுந்து போர்டில் ஷார்ட் ஆன மெஷின்களைக் கடையில் காட்டியிருக்கிறார்கள். சின்னப் பெட்டிகளில் போர்டே தனி உருவத்தில் இருப்பதால், அது போனால் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள்.

பிராண்டடின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். வாரண்டிக் காலத்தில் வீட்டுக்கே ஆள் வருவார். ஒரு போன், ஒரு பில், ஒரே பொறுப்பாளி. கூடுதல் பணம் கட்டி மூன்று வருடமாக நீட்டிக்கொள்ளவும் முடியும். ஸ்க்ரூ டிரைவரைத் தொட விரும்பாதவர்கள், தனியாக இருக்கும் பெரியவர்கள், இவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. என் மாமியாருக்கு வாங்குவதென்றால் நானும் நீட்டித்த வாரண்டியோடு பிராண்டட்தான் வாங்குவேன். பெரிய டவர் மாடல்களில் சிலவற்றில் வழக்கமான எஸ்எம்பிஎஸ்ஸே இருக்கும். வாங்கும் முன் பக்கவாட்டு மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். 24 பின் கனெக்டர் கண்ணில் பட்டால் என் வாதத்தில் பாதி அடிபட்டுவிடும்.

அசெம்பிளில் வாரண்டி ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. பிராசஸர், போர்டுக்குப் பொதுவாக மூன்று வருடம், எஸ்எஸ்டிக்கு மூன்றோ ஐந்தோ, ராமுக்கு அதைவிட நீளம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடித்துக் கழற்றி அனுப்பி வாங்குவது உங்கள் வேலை. அதற்கும் எங்களுக்குச் சீக்கிரமே ஒரு வாய்ப்பு வந்தது. வாங்கி இரண்டு மாதத்தில் ஒருநாள் காலை டிஸ்ப்ளே வரவில்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது. ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை மகளின் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். வரவில்லை. ஒரு குச்சியை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்தேன், வந்தது. இடம் மாற்றிப் பார்த்து எது கெட்டது என்று உறுதி செய்துகொண்டேன். கெட்டதைக் கடை வழியாக அனுப்பினோம், பன்னிரண்டு நாளில் மாற்று வந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் 8 ஜிபியில் டேலி ஓடியது, ஜிஎஸ்டி தாக்கல் தேதி தவறவில்லை. 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு எட்டாக வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு வேகம் ஒரு காரணம்: கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இல்லாத 5600ஜி போன்ற பிராசஸர், படம் காட்டவும் ராமையேதான் பயன்படுத்தும். இரண்டு குச்சி இருந்தால் அதற்குப் பாதை இரட்டிப்பு. பெரிய காரணம், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்பது.

மூன்றுக்கும் வெளியே இன்னும் இரண்டு வழிகளைக் கேட்பார்கள். ஆபீஸ்களிலிருந்து கழித்து வரும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறை பெட்டிகள் புதிதின் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கின்றன. கையிருப்பு குறைவாக இருக்கும் மாணவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன், எஸ்எம்பிஎஸ் சிக்கல் இதிலும் உண்டு என்ற எச்சரிக்கையோடு. உள்ளங்கை அகல மினி பிசியை ஒரு நண்பரிடமிருந்து வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். சத்தமும் இல்லை, கரண்டும் அதிகம் இழுக்காது. வெளியே அடாப்டர்தான் என்பதால் எஸ்எம்பிஎஸ் கவலையும் குறைவு. ஒரு வாரத்தை வைத்து ஐந்து வருடத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கேமிங், 4கே வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டு வந்துவிட்டால் செலவும் சூடும் எஸ்எம்பிஎஸ் அளவும் எல்லாமே வேறு. நான் அந்தப் பக்கம் போனதில்லை.

ரைசனுக்கான புதிய சாக்கெட்டான ஏஎம்5 எடுக்காமல், 5600ஜி உட்காரும் பழைய ஏஎம்4 ஏன் என்று கடையிலேயே கேட்டார்கள். ஏஎம்5-ல் போர்டும் டிடிஆர்5 ராமும் சேர்ந்து விலையை ஏற்றின. எங்கள் வேலைக்கு ஆறு கோர் போதும். 2025 கடைசியில் ராம் விலை பறந்ததைப் பார்த்தபோது அந்த முடிவில் நிம்மதி வந்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்கு நிறுவனங்கள் உற்பத்தியைத் திருப்பியதில் வீட்டு ராமுக்குத் தட்டுப்பாடு. டிசம்பரில் மைக்ரான், தன் குரூஷியல் பிராண்டில் நுகர்வோருக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. நாங்கள் 4,100-க்கு வாங்கிய அதே ஜோடிக்கு டிசம்பரில் அதே கடையில் சொன்ன விலை இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. ஆகவே இன்று அசெம்பிள் செய்யப்போகிறவர்கள் முதலில் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ டிடிஆர்4 ராம் சும்மா கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏஎம்4 போர்டையோ, டிடிஆர்4 ஏற்கும் இன்டெல் 12-ஆம் தலைமுறை போர்டையோ அதற்கேற்ப எடுக்கலாம். ராம் இல்லாமல் எல்லாம் புதிதாக என்றால், பிராண்டட் பெட்டியின் விலையையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். பழைய விலை ராமோடு வந்த ஸ்டாக் கடையில் இருந்தால் கணக்கு அந்தப் பக்கம் திரும்பக்கூடும்.

எங்கள் கேபினட் மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாகத்தின் பெயர், பில் எண், வாரண்டி முடியும் தேதி. பில்களின் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும் என்பதால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மனைவியின் மெயிலிலும் போட்டாயிற்று. 2021-ல் வாங்கிய பழைய எஸ்எம்பிஎஸ் இன்னும் நன்றாக இருக்கிறது, பரணில் அட்டைப்பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு வந்த மச்சினன் அதை எடுத்து, 24 பின் கனெக்டரைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அடுத்த தடவை லிஸ்ட் நீங்க போட்டுக் குடுங்க அத்தான்" என்றான். அவன் பெட்டியில் இருப்பது டெஸ்க்டாப் அளவு டிடிஆர்4 ராம்தானா என்று முதலில் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.